சாரல் ஒரு பக்கம், கரிசல் ஒரு பக்கம்

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரச் சமவெளியில் இருக்கிறது ராயகிரி பேரூராட்சி. இங்கிருந்து மலையோரமாகவே தெற்கே போனால் வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டித் தென்காசியும் குற்றாலமும் வரும். கிழக்கே திரும்பினால் கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில், கழுகுமலை, அதற்கப்பால் கோவில்பட்டி. முதல் வழியில் ஈரம். இரண்டாவதில் போகப் போக வறட்சி. தமிழில் மிகப் பேர்பெற்ற குறவஞ்சியும் காவடிச்சிந்தும் கரிசல் கதைகளும் இந்த இரண்டு வழிகளில் பிறந்தவை.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. அருவிகளில் சீசன் தொடங்குகிறது. அதே காற்று கரிசலை எட்டும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தியும் கம்பும் சோளமும். மழை பொய்த்தால் வெள்ளாமை போயிற்று.

இப்பகுதியின் ஏட்டு இலக்கியம் தென்காசிப் பாண்டியர்களோடு வலுப்பெறுகிறது. 1446-இல் தென்காசிக் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் கோயில் பழுதுபட்டால் அதைச் சீர்செய்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகப் பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்தான். அவன் வழியில் வந்த அதிவீரராம பாண்டியர் நைடதம், காசிக் காண்டம், வெற்றிவேற்கை ஆகியவற்றை எழுதினார். ராயகிரிக்குக் கிழக்கே உள்ள கரிவலம்வந்தநல்லூர் இறைவன்மீது பாடிய திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி, அதிவீரராமர் பெயரிலும் அதே மரபில் வந்த வரதுங்கராம பாண்டியர் பெயரிலும் மாறி மாறி வழங்குகிறது; ‘குட்டித் திருவாசகம்’ என்று அதைக் கொண்டாடுகிறார்கள். எல்லாம் அரசர்களின் புலமை. நைடதத்தில் நளனின் நாடு உண்டு. அதில் தென்காசிச் சாரலைத் தேடிப் பயனில்லை.

ஊரும் மலையும் வயலும் பெயரோடு பாட்டுக்குள் வருவது திருக்குற்றாலக் குறவஞ்சியில். எழுதியவர் குற்றாலத்துக்கு அருகே மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். காலம் 18-ஆம் நூற்றாண்டு. பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்கிய வசந்தவல்லிக்கு ஒரு குறத்தி குறி சொல்வதுதான் கதை. ஆனால் கவிராயருக்கு நாயகியைவிடக் குறத்திமேல்தான் பிரியம் அதிகம் என்று தோன்றும். மந்திகள் கொஞ்சுவதும் அருவி துள்ளி விழுவதும், தன் வீட்டுக் கதை சொல்வதுபோல் அவள் வாயில் வருகின்றன. பிறகு அவள் கணவன் சிங்கன் கண்ணி வைத்துப் பறவை பிடிக்க வருகிறான். எந்தப் பறவை எந்த வயலில் மேய்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டே போகும்போது, அந்தச் சீமையின் வயல்களும் குளங்களும் வரிசையாக வந்துவிடுகின்றன. குறி சொல்லப் போய்த் திரும்பிய தன் மனைவி சிங்கியின் காலைப் பார்த்து, விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். அது சேலத்தில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். காலில் தொடங்கி மேலே மேலே ஒவ்வொரு நகையாகக் கேள்வியும் பதிலும் நீளும். மேடையில் பார்ப்பவருக்குச் சிரிப்பு அடங்காது. இந்த நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே குறவஞ்சிமேடு என்று பெயர்.

காவடிச்சிந்து வறண்ட வழியில் பிறந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள் பாட எழுதிய பாட்டு என்பதால், தாளம் காலடியிலேயே இருக்கிறது. வழிநடைக்காரர்கள் அதுவரை பாடிவந்த சிந்துக்குள், படித்த புலவரின் எதுகையையும் அடுக்கையும் கொண்டுவந்தார் ரெட்டியார்; ஆனாலும் நடக்கிறவனுக்கு மூச்சு வாங்கவில்லை. முப்பது வயது நிறைவதற்குள் அவர் மறைந்துவிட்டார். பின்னால் பாரதியார் இந்த மெட்டை எடுத்தாண்டார். பாரதியாருக்கும் இந்த மண் அந்நியமில்லை: மனைவி செல்லம்மாளின் ஊர் கடையம். 1918 இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்தபின் 1920 வரை அவர் அங்கே இருந்தார்.

எழுதியதை ரசிக்கவும் இங்கே ஓர் ஆள் இருந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், நெல்லையில் தம் வீட்டில் நடத்திய ‘வட்டத்தொட்டி’ சபையால் பேர்பெற்றவர்; பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்து 1954-இல் மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அவருடைய விருந்தாளிகள். பாட்டை வாய்விட்டுப் படித்து, நிறுத்தி, திரும்பப் படித்து அனுபவிப்பது அவர் முறை. உரை எழுதிக் குவிப்பதில் அவருக்கு நாட்டமில்லை. அவரிடம் ஈர்க்கப்பட்ட இளைஞர்களில் கரிசல் பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த இருவர் உண்டு: கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. இருவரும் 1923-இல் பிறந்தவர்கள்.

பேசுகிற தமிழே எழுதுகிற தமிழாகலாம் என்ற துணிச்சலுக்கு ரசிகமணியின் பேச்சும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். கி.ரா.வின் ‘கதவு’ கதையில், தீர்வை கட்டாத வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதவில் ஏறி விளையாடிய பிள்ளைகளுக்கு அது வெறும் மரம் அல்ல. 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ நாவல் வந்தது. 1982-இல் கரிசல் பேச்சுக்கென்று தனியாக ஒரு சொல்லகராதியே தொகுத்து வெளியிட்டார் கி.ரா.

கோவில்பட்டிப் பக்கத்தவரான பூமணி, 1979-இல் வெளியான ‘பிறகு’ நாவலில் அதே மண்ணை ஒரு சக்கிலியர் குடும்பத்தின் பக்கமிருந்து காட்டினார். கி.ரா.வின் உலகில் ஓரமாக நின்றவர்கள் அங்கே நடுவுக்கு வந்தார்கள். உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மனோ ‘சூல்’ நாவலில் ஊர்க் கண்மாயையே மையமாக்கி, நீரைப் பங்கிட்டுக் காத்த மக்களையும் அந்த ஏற்பாடு சிதைந்த விதத்தையும் எழுதினார். 2019-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குக் கிடைத்தது.