கிடங்கும் கூலியும்

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் அக்காலத்துத் தானியக் கிடங்கு முதலாளிகள் கேட்டதே கூலி. குடியானவருக்கு வேறு போக்கில்லை. இல்லினாய் சட்டசபை 1871-ல் கூலிக்கு உச்சவரம்பு விதித்தது. சொத்து தம்முடையதாகலின் கூலியும் தம் இஷ்டமே என முதலாளிகள் வழக்காடினர். பொதுஜன நன்மையைப் பாதிக்கும் சொத்து பொதுஜன அதிகாரத்துக்குட்பட்டதே என 1877-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இன்றைய கிடங்கு இணையம். தேடுவோர்முன் தன் விலையொப்பீட்டுச் சேவையையே முன்னிறுத்தியதற்காக, கூகிள் கம்பெனிக்கு ஐரோப்பியக் கமிஷன் 2017-ல் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. வழக்கு முடிந்ததோ 2024-ல். இடையில் நசித்த வியாபாரியை அபராதம் எழுப்புமா?

ஆதலின் பின்னர்த் தண்டிப்பதினும் முன்னரே விதி வகுப்பதே நீதி. ஐரோப்பா 2022-ல் அவ்விதச் சட்டம் இயற்றிற்று. பிற தேசங்களும் இயற்றுக. ஆயினும் சர்க்கார் ஆளவேண்டியது கிடங்கின் விதியையே; அதனுள்ளிருக்கும் கருத்தையன்று. இவ்வெல்லையை மறந்தால், ஓர் எஜமானனை நீக்கி மற்றொருவனை அமர்த்தியவராவோம்.