நினைவு நிதியும் அதன் நோக்கமும்

பெருந்தலைவர் மறைந்த துயரிலே பொருள் திரட்டுதல் எளிது. அஃது எதன்பொருட்டு என முன்னரே வரையறுத்தல் அரிது. தேசபந்து சித்தரஞ்சனதாசர் 1925 ஆம் ஆண்டு யூன் 16 ஆம் நாள் தார்ச்சிலிங்கிற் காலமாயினார். வழக்கறிஞராய்ப் பெரும்பொருள் ஈட்டிய அவர், தம் கல்கத்தா இல்லத்தையும் பொதுநலத்துக்கென எழுதிவைத்திருந்தார். ஆயின், அவ்வில்லத்தின்மீது கடன் இருந்தது. காந்தியடிகள் வங்காளத்திலேயே தங்கி 10 இலட்சம் ரூபா வேண்டினார். கடனைத் தீர்த்து, இல்லத்தை மகளிர் மருத்துவமனையாக்கி, தாதியர்க்குப் பயிற்சியும் அளித்தலே நோக்கமென வெளிப்படக் கூறப்பட்டது. ஈந்தோர் தம் காசு செல்லுமிடத்தை அறிந்தே ஈந்தனர். சிலையொன்று நாட்டுவதாயின், திறப்புவிழாவோடு அவ்வார்வம் தணிந்திருத்தலுங் கூடும். 1926 இல் அவ்வில்லத்திலே சித்தரஞ்சன் சேவாசதனம் தொடங்கிற்று. மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் அங்கு இன்றும் மருத்துவம் நடைபெறுகின்றது.