ராம் பார்க்கிறார்கள், தேதி பார்ப்பதில்லை

சின்ன அலுவலகங்களில் சர்வர் என்றால் பெரும்பாலும் மேஜைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்தான். பில்லிங், கோப்புப் பகிர்வு, வெப்சைட் எல்லாம் அதில்தான். எந்த லினக்ஸ் என்று கேட்டால், "பையன் போட்டுக் கொடுத்தான் சார், நல்லா ஓடுது" என்பார்கள். பார்த்தால் சென்ட்ஓஎஸ் 7. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டன.

எவ்வளவு ராம் தின்னும் என்று துருவுகிறவர்கள், எதுவரை பராமரிப்பு என்று கேட்பதே இல்லை. கேட்டவர்களும் ஏமாந்ததுண்டு: 2029 வரை என்று நம்பி நிறுவப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியிலேயே கைவிடப்பட்டது. அதனால் முடிவு தேதியை ஆண்டுதோறும் மறுபடி பார்க்க வேண்டும்.

மிகக் குறைந்த ராமில் ஓடும் லினக்ஸ்களில் ஒன்று ஆல்பைன். ஆனால் அது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரியில் நிற்பது. கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிய பில்லிங் மென்பொருள் அதில் திறக்காமலே போகலாம். ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுளும் சுமார் இரண்டு ஆண்டுதான். கவனிக்க ஆளில்லாத இடத்துக்கு டெபியனே மேல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு மூன்று ஆண்டு முழுப் பராமரிப்பு, அதன்பின் இரண்டு ஆண்டு எல்டிஎஸ் என்ற நீட்டித்த பராமரிப்பு. டெஸ்க்டாப் இல்லாமல் போட்டால் 1 ஜிபி ராம் போதும்.

அந்த 'இல்லாமல்' என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். நிறுவும்போது வரும் மென்பொருள் தேர்வுத் திரையில் டெஸ்க்டாப்பும் க்னோமும் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கும். ஸ்பேஸ் பட்டனை அழுத்தி அவற்றை எடுத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரை டிக் செய்ய வேண்டும். அவசரத்தில் என்டர் தட்டினால் முழு டெஸ்க்டாப்பும் இறங்கிவிடும். அப்புறம் லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்பல்.

நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கினாலும் அதன் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள்.

டெபியன் சர்வரில் திருத்தங்கள் தாமாக இறங்கும் என்று நினைக்கக் கூடாது. அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தொகுப்பை நாமே நிறுவி இயக்க வேண்டும். கெர்னல் புதிதாக வந்தாலும் ரீபூட் செய்யும்வரை பழைய ஓட்டைதான் ஓடிக்கொண்டிருக்கும். "மூணு வருஷமா அணைக்கவே இல்லை" என்பதெல்லாம் பெருமையா என்ன?

இத்தனைக்கும் மீறி யாரேனும் உள்ளே புகுந்துவிட்டால், பதற்றத்தில் ஃபார்மேட் செய்யவே கூடாது. சாட்சியம் மொத்தமும் அதோடு போய்விடும். இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து வைக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவலைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதற்குத் தெரிவித்தாக வேண்டும். படிவம் செர்ட்-இன் தளத்திலேயே கிடைக்கிறது. பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷனின் எல்லை என்ற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சர்வரின் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் செர்ட்-இன்னின் அதே உத்தரவுதான். ஆனால் டெபியனில் வெப் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் பதிவுகள் வழக்கமாக 14 நாள்தான் தங்கும். பழைய பதிவுகளை நீக்கும் லாக்ரொட்டேட்டின் அமைப்பில் அந்த 14-ஐ 180 ஆக்குவதை இன்றே செய்துவிட வேண்டும்.