கொதி அடங்கிய பிறகு

காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சச்சரவு உண்டு. நான் ஃபில்டரில் பொடியைப் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு, தண்ணீர் தளபுளவென்று கொதிக்கும்போதே ஊற்றுகிற ஆள். அம்மாவோ அடுப்பை அணைத்த பிறகுதான் பொடி டப்பாவையே திறப்பார். கரண்டியால் அளந்து போட்டு, தட்டிச் சமன்செய்து, குடை போன்ற துளைத்தட்டை வைத்து லேசாக அமுக்கி, அப்புறம்தான் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்குவார். “கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பொடி வெந்துடும்டா, டிகாக்‌ஷன் கசக்கும்” என்பது அவர் கட்சி. “ஆறின தண்ணியில சாறே இறங்காதும்மா” என்பது என் கட்சி.

ரசத்துக்குப் புளி ஊறப்போட்டவர்களுக்கு இந்த வழக்கின் அடிப்படை தெரியும். வெந்நீரில் ஐந்து நிமிடத்தில் கரைகிற புளி, பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் கேட்கும். சூடு கூடினால் மூலக்கூறுகள் வேகமாக நகரும். பொடிக்குள் இருப்பது சீக்கிரம் வெளியே வரும். காபியிலும் அதேதான். ஆனால் புளியைப் போலக் காபியை முழுக்கக் கரைத்துவிடக் கூடாது. வறுத்த காபிப் பொடியின் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீரில் கரையக்கூடியது. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் காபியை ஆராய்ந்த எர்னஸ்ட் லாக்ஹார்ட், பொடியின் மொத்த எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால்தான் சுவை சரியாக இருக்கும் என்று வரையறுத்தார். காபி உலகம் இன்றும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் அது.

எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை என்பதுதான் விஷயம். புளிப்பு தரும் அமிலங்கள் முந்திக்கொள்ளும். சர்க்கரைச் சத்துகள் தொடரும். கசப்பும் துவர்ப்பும் தரும் கனமான பொருள்களில் பல கடைசியாக வரும். பாதியில் நிறுத்தினால் டிகாக்‌ஷன் புளித்துச் சப்பென்றிருக்கும், அளவு மீறினால் நாக்கைப் பிடிக்கும். சூட்டைக் குறைப்பது இந்த வரிசையை மெதுவாக நகரவிட்டு, பிந்தி வரும் கசப்பைத் தள்ளிப்போடும் வழி.

அந்தக் கசப்புக்குக் கஃபீன்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறோம். அதன் பங்கு சிறிதுதான். காபிக்கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் வறுபடும்போது லாக்டோன்களாக மாறுகிறது. கறுக வறுத்தால் அதிலிருந்து ஃபீனைல்இண்டேன் என்ற கடுங்கசப்புப் பொருள்கள் உண்டாகின்றன. ஆகவே கருவறுவல் பொடிக்குச் சற்று ஆறிய தண்ணீரும், இளவறுவல் பொடிக்கு நல்ல சூடும் பொருந்தும். 2005இல் ஏரோபிரஸ் என்ற காபிக் குழாயைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஆலன் ஆட்லர், கருவறுவல் காபிக்கு 80 டிகிரி செல்சியஸ் போதும் என்றார். காபி நிபுணர்கள் வழக்கமாகச் சொல்வது 90 முதல் 96 வரை.

“சூடு குறைந்தால் கஃபீன் இறங்காதே, தூக்கம் எப்படிக் கலையும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20 கிராம் அரபிகா பொடியில் இருப்பது சுமார் கால் கிராம் கஃபீன். 25 டிகிரித் தண்ணீர் 100 மில்லியே ஏறக்குறைய 2 கிராம் கஃபீனைக் கரைத்துக்கொள்ளும். எட்டு மடங்கு இடம் இருக்கிறது. தேவை அவகாசம் மட்டுமே.

இப்போது நம் எவர்சில்வர் ஃபில்டரைப் பாருங்கள். மேல் பாத்திரம் 150 கிராம், பொடி 20 கிராம், இரண்டும் 28 டிகிரியில் இருக்கின்றன என்று வைப்போம். அதில் 96 டிகிரித் தண்ணீர் 100 மில்லி ஊற்றினால், பாத்திரமும் பொடியும் தங்கள் பங்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். எல்லாம் ஒரு நிலைக்கு வரும்போது இருப்பது சுமார் 82 டிகிரி. சொட்டுச் சொட்டாக இறங்கும் கால் மணி நேரத்தில் அது இன்னும் தணிகிறது. ஆக, கொதிக்கக் கொதிக்க ஊற்றிய நானும் குறைந்த சூட்டில்தான் காபி போட்டுக்கொண்டிருந்தேன்! விட்டுப்போன சூட்டை நேரத்தால் ஈடுகட்டும் கருவி நம் ஃபில்டர். கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்‌ஷன் கிடைப்பது அந்தப் பொறுமையால்.

ஊட்டிக்காரர்களுக்கோ 96 டிகிரி கிடைக்கவே கிடைக்காது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியைத் தொடுவதற்குள் கொதித்துவிடும். அங்கேயும் காபி நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டில் சோதிக்கத் தெர்மாமீட்டர்கூட வேண்டாம். கொதிநீர் 100 டிகிரி, குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்று கொண்டால், 120 மில்லி கொதிநீரோடு 20 மில்லி பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 90 டிகிரி. நூறும் நாற்பதும் கலந்தால் 80. எழுபதும் எழுபதும் கலந்தால் 65. இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும். ஒரே மாதிரி மூன்று டம்ளர்களை வெந்நீர் விட்டுச் சூடாக்கிக் கொட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 10 கிராம் பொடி போட்டு, மேற்சொன்ன தண்ணீரை ஊற்றிக் கலக்கி, நான்கு நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வெதுவெதுப்பானதும் பால், சர்க்கரை இல்லாமல் ருசி பாருங்கள். எது எது என்று தெரியாதபடி வேறொருவர் இடம் மாற்றி வைப்பது முக்கியம். நாக்கைவிடக் கண் அதிகம் ஏமாற்றும்.

பொடியில் சிக்கரி இருக்கக் கூடாது. காபியைவிடச் சிக்கரி மிக எளிதில் கரையும். ஆறிய தண்ணீரிலும் கருகருவென்று நிறம் இறக்கிவிடும். நிறத்தைப் பார்த்து ‘நல்லா இறங்கியிருக்கு’ என்று நினைப்போம். காபி பாதி பொடியிலேயே தங்கியிருக்கும்.

எங்கள் வீட்டில் 65 டிகிரி டம்ளர் நீர்த்துப்போய்ப் புளித்தது. 90 கனமாக, கடைசியில் துவர்ப்போடு இருந்தது. அம்மா விரலை வைத்தது 80இல். மறுநாள் 65 டிகிரிக் காபியை மூடி, பன்னிரண்டு நிமிடம் ஊறவிட்டோம். முந்தைய நாளின் குறை பெருமளவு மறைந்திருந்தது. 2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 87, 90, 93 டிகிரிகளில் காபி தயாரித்து, பயிற்சி பெற்ற சுவைஞர்களிடம் கொடுத்தார்கள். காபியின் திடமும் பொடியிலிருந்து இறங்கிய சத்தின் அளவும் ஒன்றாக இருந்தபோது, சூட்டு வேறுபாடு சுவையில் பெரிதாகத் தெரியவில்லை. சூடு, நேரம், பொடியின் நைசு மூன்றும் ஒரே தராசின் எடைக்கற்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும்.

சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டும் வழியின் கடைக்கோடி, பச்சைத் தண்ணீரில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவைக்கும் கோல்ட் புரூ. நம் ஊர் வெக்கையில் அதைச் சமையல் மேடையில் வைக்காதீர்கள். கொதிநீர் கொல்லும் கிருமிகளைப் பச்சைத் தண்ணீர் கொல்லாது. ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அதில் அமிலமே இல்லை என்ற பேச்சையும் முழுதாக நம்ப வேண்டாம். 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், சூடான காபிக்கும் கோல்ட் புரூவுக்கும் பிஎச் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மொத்த அமிலத்தின் அளவுதான் சூடான காபியில் கூடுதல்.

கடைசியாக மூன்று டம்ளர்களிலும் காய்ச்சிய பாலும் சர்க்கரையும் சேர்த்தோம். கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்களைப் பாலின் கேசீன் புரதம் பிடித்துக்கொள்ளும். வரிசையாக ருசி பார்த்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். “பால் கெட்டியா இருந்தா எல்லாம் ஒண்ணுதான்டா.”

ஆனாலும் இப்போது நானும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பொடி டப்பாவைத் திறக்கிறேன்.