டிக் வெல்டிங்: குறைந்த முதலில் எங்கிருந்து தொடங்குவது?

மீளக்குடியேறிய குடும்பங்களின் வாழ்வாதார விண்ணப்பங்களில் ‘வெல்டிங் பிளான்ட்’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஸ்டெயின்லஸ் ஸ்டீல் வேலைக்கு நல்ல கூலி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, ‘ஆகன் வெல்டிங்’ எனப்படும் டிக் வெல்டிங் இயந்திரம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். விருப்பம் நல்லது. ஆனால் வீட்டு மின் இணைப்புக்குப் பொருந்தாத இயந்திரம், வாயு நிரப்ப வழியில்லாத சிலிண்டர் என்று உதவிப் பணம் மூலையில் தூசி படிந்து கிடப்பதையும் வெளிக்களத்தில் காண்கிறோம். உதவி ஒரு முறைதான் கிடைக்கும். பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தப் பக்கங்களை வாசியுங்கள்.

டிக் வெல்டிங் என்றால் என்ன?

சாதாரண வெல்டிங்கில் குச்சியே எரிந்து உருகி இரும்போடு சேர்கிறது. டிக் முறையில் டோர்ச்சின் நுனியில் உள்ள தங்ஸ்தன் ஊசி உருகாது. அது மின்வில்லை மட்டும் உண்டாக்கும். உருகிய உலோகத்தைக் காற்றிலுள்ள ஒட்சிசனும் நைதரசனும் கெடுக்காதபடி ஆகன் வாயு மூடிக் காக்கும். நிரப்புக் கம்பியை மற்றக் கையால் நீங்கள் ஊட்ட வேண்டும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலையொன்றில் மக்னீசியத்தை ஒட்டுவதற்காக இந்த முறை உருவாக்கப்பட்டது. அப்போது ஆகனுக்குப் பதிலாக ஹீலியம் பயன்பட்டது.

பொறி பறக்காது, கசடு தட்டத் தேவையில்லை, மெல்லிய தகட்டையும் துளை விழாமல் ஒட்டலாம். ஆனால் வேலை மெதுவாகவே நகரும். உடல் பலத்தை விடக் கை நிதானமே முக்கியம். ஒரு கை வலையை இழுத்துப் பிடிக்க மறு கை ஊசியை ஓட்டி வலை பொத்திப் பழகியவர்களுக்கு இரு கைகளும் வெவ்வேறு வேலை செய்வது புதிதல்ல. பெண்களும் தயங்காமல் பழகலாம்.

உங்களுக்கு இது தேவையா?

உங்கள் ஊரில் கேற், கிறில், உழவு இயந்திரப் பெட்டி போன்ற வேலைகளே வருமென்றால் சாதாரண குச்சி வெல்டிங் போதும். டிக் அங்கே நேரத்தையும் வாயுவையும்தான் தின்னும். படிக்கட்டுக் கைப்பிடி, ஹோட்டல் சமையலறை மேசை, பால் பாத்திரம் போன்ற ஸ்டெயின்லஸ் ஸ்டீல் வேலைகள் கிடைக்கும் இடத்துக்கே டிக் பொருந்தும். எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி பக்கங்களிலும் வடக்கே பாசிக்குடாவிலும் விசாரித்துப் பாருங்கள். படுவான்கரையில் இருப்பவர்கள் 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தால் அக்கரைக்கு வேலை தேடிப் போவது முன்னரை விட எளிது. இயந்திரம் வாங்குவதற்கு முன் குறைந்தது மூன்று பட்டறைகளில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “கடந்த மாதம் இப்படியான வேலை எத்தனை வந்தது?”

முதலில் மின் இணைப்பைப் பாருங்கள்

பெரும்பாலான வீடுகளில் இருப்பது 230 வோல்ற், 15 அல்லது 30 அம்பியர் ஒற்றை பேஸ் இணைப்பு. 15 அம்பியர் இணைப்பு ஏறத்தாழ 3.4 கிலோவாற்று வரைதான் தாங்கும். மெல்லிய தகட்டை 60 அம்பியரில் டிக் செய்யும்போது இயந்திரம் ஏறக்குறைய 1 கிலோவாற்று இழுக்கும். அதே இயந்திரத்தில் 2.5 மில்லிமீற்றர் குச்சி எரித்தால் 2 கிலோவாற்றுக்கு மேல் போகும். ஆகவே சிறிய இன்வேர்ட்டர் இயந்திரம் சாதாரண வீட்டு இணைப்பில் ஓடும். மூன்று பேஸ் கேட்கும் பழைய இயந்திரம் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

எதை வாங்குவது? எதை விடுவது?

குறைந்த முதலுக்கு ஏற்றது, குச்சி வெல்டிங்கும் ‘லிஃப்ற் டிக்’கும் செய்யக்கூடிய நேரோட்ட (டீ.சீ.) இன்வேர்ட்டர். கைப்பிடியிலேயே வாயு வால்வு உள்ள டோர்ச் ஒன்றை அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். டிக் வேலை வராத நாளில் இதே இயந்திரம் குச்சி வேலைக்கு உதவும். டிக் செய்யும்போது டோர்ச் மறை முனையிலும் ஏர்த் கிளாம்ப் நேர் முனையிலும் இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் தங்ஸ்தன் நுனி உருகி உருண்டுவிடும்.

அலுமினியம் ஒட்ட ஆடலோட்ட (ஏ.சீ.) வசதியுள்ள இயந்திரம் வேண்டும். அதன் விலை பல மடங்கு அதிகம். அதை இரண்டாம் கட்டத்துக்கு விடுங்கள்.

1.6 அல்லது 2.4 மில்லிமீற்றர் தங்ஸ்தன் ஊசி போதும். சிவப்பு நிற முனையுள்ளதில் சிறிதளவு கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பதால் அதைத் தீட்டும் தூசு நல்லதல்ல. சாம்பல், பொன் அல்லது நீல நிற முனையுள்ளதைக் கேளுங்கள். சாதாரண இரும்புக்கு ஈ.ஆர். 70எஸ் வகைக் கம்பி, 304 ஸ்டெயின்லஸ் ஸ்டீலுக்கு 308எல் கம்பி, 316க்கு 316எல் கம்பி. கடலையும் வாவியையும் அண்டிய உப்புக் காற்றில் 304இன் மேல் பழுப்புக் கறை சீக்கிரம் படியும். 316இல் மொலிப்டினம் இருப்பதால் அது கூடுதலாகத் தாங்கும். இதை வேலை தருபவருக்கு முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் பின்னால் மனத்தாங்கல் வராது.

வாயுக் கணக்கு

டிக் வெல்டிங்கில் தொடர்ந்து வரும் செலவு ஆகன். 10 லீற்றர் சிலிண்டரை 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறத்தாழ 1,500 லீற்றர் வாயு இருக்கும். நிமிடத்துக்கு 8 லீற்றர் விட்டால் மூன்று மணித்தியாலம் மட்டுமே வில் எரியும். எனவே சிலிண்டர் வாங்குமுன் அது எங்கே நிரப்பப்படும், எத்தனை நாளில் திரும்பி வரும், போக்குவரத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கூலி சொல்லும்போது வாயுச் செலவையும் சேருங்கள். காபனீரொட்சைட்டு கலந்த வாயு டிக் வேலைக்கு ஆகாது. தூய ஆகனே வேண்டும்.

பழகும் ஒழுங்கு

முதலில், மின்சாரமே இல்லாமல் பழகுங்கள். பேனாவை டோர்ச் போலப் பிடித்து, நுனி காகிதத்தில் படாமல் 2–3 மில்லிமீற்றர் உயரத்தில் கோட்டின் மேல் நகர்த்துங்கள். மறு கையில் கம்பியொன்றைப் பிடித்து விரல்களால் முன்தள்ளிப் பழகுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரண்டாவது, பழைய இரும்புக் கடையில் 2 மில்லிமீற்றர் தகட்டுத் துண்டுகள் வாங்குங்கள். துரு, நிறப்பூச்சு, எண்ணெய் அனைத்தையும் நீக்குங்கள். டிக் அழுக்கை மன்னிக்காது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ 40 அம்பியர் என்று தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள்.

மூன்றாவது, கம்பி இல்லாமல் உருகிய குட்டையை மட்டும் நேராக நகர்த்துங்கள். குட்டை ஒரே அகலத்தில் நகரும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நான்காவது, கம்பியைச் சேருங்கள். கம்பியைக் குட்டையின் முன்விளிம்பில் தொட்டு எடுக்க வேண்டும். தங்ஸ்தனில் பட்டுவிட்டால் நிறுத்தி, ஊசியை நீளவாக்கில் மீண்டும் தீட்டுங்கள். முதல் நாட்களில் இது பல தடவை நடக்கும். மனம் தளர வேண்டாம்.

ஐந்தாவது, இரண்டு தகடுகளை இணையுங்கள். வில் அணைந்த பின்னும் சில விநாடிகள் டோர்ச்சை அதே இடத்தில் பிடித்திருந்து, பிறகே வால்வை மூடுங்கள். ஒட்டிய துண்டை வைஸில் பிடித்து வளைத்து உடைத்துப் பாருங்கள். மேலே அழகாகத் தெரிந்தாலும் உள்ளே ஒட்டியதா என்பதை அதுதான் காட்டும்.

கவனிக்க வேண்டியவை

• கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் டிக் ஒட்டாது. காற்று ஆகனை அடித்துச் சென்றுவிடும். காற்று வரும் பக்கத்தை மட்டும் மறையுங்கள். அறை முழுவதையும் மூட வேண்டாம். ஆகன் காற்றை விடக் கனமானது. மூடிய இடத்தில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும்.
• டிக் வில்லில் புகை குறைவு என்பதால் புற ஊதாக் கதிர் நேரே உடலில் படும். முழுக்கைப் பருத்திச் சட்டை, கையுறை, சப்பாத்து, முகமறைப்பு கட்டாயம். நைலோன் உடை வேண்டாம். பிள்ளைகள் எட்டிப் பார்க்காதபடி தட்டி மறைப்பு வையுங்கள்.
• ஈர மணலில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்யாதீர்கள். ட்ரிப் சுவிச் இல்லாத இணைப்பில் இயந்திரத்தைக் கொடுக்க வேண்டாம்.
• ஜீ.ஐ. குழாயின் நாகப் பூச்சை அகற்றிவிட்டே ஒட்டுங்கள். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். குளோரின் கலந்த துப்பரவுத் திரவத்தால் துடைத்த உலோகத்தில் வில் வைத்தால் நச்சு வாயு உருவாகும்.
• சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி நிமிர்த்தி வையுங்கள்.

சான்றிதழும் கையிருப்பும்

தேசிய தொழிற்தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியிலும் தற்போது எந்த வெல்டிங் பாடநெறிக்கு ஆட்களைச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே பாஸ் ஒருவரிடம் பல வருடம் நின்று பழகியவராயின், வகுப்புக்குப் போகாமலே முன்கற்றல் அங்கீகாரத்தின் வழியாக மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். இதற்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையை நாடுங்கள். எங்கே செல்வது என்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

உங்களுக்கு எமது ஆலோசனை இதுதான். முதல் மாதம் ஒன்றும் வாங்க வேண்டாம். பட்டறையொன்றில் உதவியாளாக நின்று, ஓய்வு நேரத்தில் அவர்களுடைய டோர்ச்சைப் பிடித்துப் பழகக் கேளுங்கள். கை பிடித்துக்கொண்ட பின் இயந்திரத்துக்கு விண்ணப்பியுங்கள். உதவிப் பணத்தில் ஒரு பகுதியை வாயு, கம்பி, முகமறைப்பு ஆகியவற்றுக்கென ஒதுக்கி வையுங்கள். முழுப் பணத்தையும் இயந்திரத்தில் போட்டவருக்கு முதல் சிலிண்டர் தீரும் நாளில் தொழிலும் நின்றுவிடும்.