கடை மீன்தொட்டியில் பாசி: நாங்கள் கற்ற பாடம்

நம்மில் பலர் கல்லாவுக்குப் பக்கத்தில் மீன்தொட்டி வைத்திருக்கிறோம். அழகுக்காகச் சிலர், வாஸ்துவுக்காகச் சிலர். காரணம் எதுவானாலும் கடைக்குள் வருகிறவரின் கண் முதலில் போவது அங்கேதான்.

எங்கள் மொத்த வியாபாரக் கடையில் சென்ற ஆண்டு உயிருள்ள செடிகள் நட்டு ஒரு தொட்டி அமைத்தோம். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முதல் வாரம் தண்ணீர் பளிங்கு போல இருந்தது. இரண்டாம் வாரம் கண்ணாடியில் பழுப்புப் படலம் படிந்தது. மூன்றாம் வாரம் செடிகளில் நூல் நூலாகப் பாசி, தண்ணீரும் பச்சையாகிவிட்டது. பல்லாண்டுகளாக எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர், "என்ன அண்ணாச்சி, வாசல்ல இருக்கிற தண்ணியே இப்படின்னா, குடோன்ல பருப்பு எப்படி இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உணவுப் பொருள் விற்கும் எங்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அன்றிரவே தொட்டியைக் காலி செய்தோம். மணல், செடி, வடிகட்டியின் ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினோம். அதே குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டோம். மூன்றே நாளில் 12 மீன்களில் 9 செத்து மிதந்தன. பத்தாம் நாள் பாசி மட்டும் திரும்பி வந்தது!

மீன் விற்பவரிடம் போய்க் கேட்டபோதுதான் விவரம் புரிந்தது. மீன் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அவற்றை அழித்துவிடும்; மீனின் செவுளையும் கெடுக்கும். அழுக்கைக் கழுவுகிறோம் என்று நினைத்து, தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையாட்களையே விரட்டிவிட்டோம்.

பாசி வந்ததற்கும் நாங்களே காரணம். புதிதாக நட்ட செடி வேர் பிடிக்கும்வரை சத்தை அதிகம் எடுக்காது. அப்போது மிஞ்சும் ஒளியையும் சத்தையும் பாசி தின்று வளர்கிறது. எங்கள் தொட்டி விளக்கோ காலை 6 மணிக்குக் கடை திறந்தது முதல் இரவு 9 மணிவரை எரிந்தது. உணவும் அப்படியே: கடைப் பையன் ஒரு சிட்டிகை, கணக்குப்பிள்ளை ஒரு சிட்டிகை, வரும் பிள்ளைகள் கைநிறையப் பொரி!

பிறகு நாங்கள் கடைப்பிடித்தவை இவை:

விளக்குக்கு டைமர் போட்டு, மாலை 3 முதல் 9 வரை ஆறு மணி நேரம் மட்டும் எரியவிட்டோம். செடி தழைத்தபின் எட்டு மணி நேரம் வரை போகலாம். நேர் வெயில் படவே கூடாது.

வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்டோம். வேலம்பாசி நல்லது, பெயரில் பாசி இருந்தாலும் அது செடிதான்.

உணவு தினம் ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. போடுவது ஒருவர் மட்டும்.

வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றினோம். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் அலசினோம்.

நூல் பாசியைப் பழைய டூத்பிரஷ்ஷில் சுற்றி இழுத்தோம். பழுப்புப் படலத்தைத் துடைத்துவந்தாலே போதும்; பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஓய்ந்துவிடும். பச்சைத் தண்ணீருக்கு, விளக்கை அணைத்துத் தொட்டியைக் கெட்டித் துணியால் நாலு நாள் மூடி, காற்று மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, பின்பு பாதித் தண்ணீரை மாற்றினோம்.

பாசிக்கொல்லி மருந்துக்கு அவசரப்படாதீர்கள். செம்பு கலந்த மருந்து நத்தையையும் இறாலையும் கொல்லும். சில செடிகளையும் கெடுக்கும். பாசி தின்னும் என்று சக்கர் மீனை வாங்குவோரும் உண்டு. அது ஓரடிக்கு மேல் வளரும். சின்னத் தொட்டிக்கு ஆகாது. வேண்டாமென்று ஏரி குளத்தில் விட்டால் நம் நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகப் பெருகிவிடும்.

ஆறு வாரத்தில் தண்ணீர் தெளிந்தது. பிறகுதான் புது மீன்களை, ஒருமுறைக்கு மூன்றாக விட்டோம். அதே சில்லறை வியாபாரி வந்து தொட்டிமுன் சிறிது நேரம் நின்றார். "இப்பத்தான் அண்ணாச்சி கடை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சரக்குச் சீட்டை நீட்டினார்.

செத்த 9 மீன்களின் விலை பெரிதல்ல. ஆனால் ஒரே இரவில் எல்லாம் சரியாக வேண்டும் என்ற எங்கள் அவசரத்துக்கு அவை பலியாயின. புதுக்கடைக்கு வாடிக்கை பிடிக்க நாள் ஆகும் என்று அறிந்த நாம், புதுத்தொட்டிக்கும் அந்த ஆறு வாரத்தைக் கொடுப்போம்.