பின்னோக்கி ஓடாத கடிகாரம்

அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறன்று அதிகாலை 2 மணி அடித்ததும் கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பிவைப்பார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதை அன்று திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். 2007 முதல் இந்த நாட்கள்தான். சுவர்க் கடிகாரத்தில் முள்ளைத் திருப்பினால் வேலை முடிந்தது. வங்கியின் மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் அப்படிச் செய்தால் கணக்கே புரண்டுவிடும்.

ஒருவர் 1.50-க்குப் பணம் போடுகிறார். இருபது நிமிடம் கழித்து எடுக்கிறார். இடையில் கடிகாரம் திரும்பிவிட்டதால், எடுத்தது 1.10 என்று பதிவாகிறது. நேர வரிசையில் படித்தால் போடும் முன்பே எடுத்திருக்கிறார்! தரவுத்தளம் பழுதாகி, இந்தப் பதிவுகளைக் கொண்டு அதை மீட்க நேர்ந்தால் என்ன ஆகும்? இதற்கு அஞ்சியே, கணினியின் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் ஓட்டிய கணினி நிலையங்கள் அந்த ஒரு மணி நேரமும் கணினியை நிறுத்திவைத்தன.

இதற்கான வழி ஐபிஎம் மெயின்ஃப்ரேமின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. அதன் உள்கடிகாரம் மணி, நிமிடம் எதுவும் அறியாது. 1900 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த காலத்தை 64 பிட் எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். அதை உலகப் பொது நேரத்தில் ஓடவிடுவதுதான் முறை. உள்ளூர் நேரத்துக்குத் தனியாக ஒரு வித்தியாசம் குறித்துவைக்கப்படும். நியூயார்க்குக்குக் குளிர்காலத்தில் ஐந்து மணி நேரம் பின்னே, கோடையில் நான்கு. மாற்ற வேண்டியது இந்த எண்ணை மட்டுமே. உள்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். ஒரு கட்டளையில் முடிகிற வேலை. நேர ஒத்திசைவு வசதியுள்ள இயந்திரங்களில், குறித்த நாளில் தானாக மாறும்படி முன்கூட்டியே சொல்லியும் வைக்கலாம்.

ஆனாலும் இயந்திரத்தின் மேலே ஓடும் மென்பொருள்களைக் கவனிக்க வேண்டும். வங்கிப் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் தனக்கென ஒரு நேரம் வைத்திருக்கும். மாற்றத்துக்குப் பின் அதை மீட்டமைக்கச் சொல்லாவிட்டால் பழைய நேரத்திலேயே தொடரக்கூடும். பயன்பாட்டு நிரல்கள் உள்ளூர் நேரத்தை முத்திரையிட்டால், மேலே சொன்ன வங்கிக் குழப்பம் அங்கேயும் வரும்.

சென்னையிலிருந்து அமெரிக்க வங்கிகளின் மெயின்ஃப்ரேம்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு, நியூயார்க்கின் அந்த நவம்பர் மாற்றம் ஞாயிறு காலை 11.30-க்கு வரும். அந்த ஊர் நேரப்படி 1 மணிக்கும் 2 மணிக்கும் இடையே தொடங்கும்படி குறித்த வேலைகள் எவையெவை என்று அக்டோபரிலேயே பட்டியல் எடுங்கள். அன்று அந்த ஒரு மணி நேரம் இருமுறை வரும்.